ஒளி கூடும் நாள்

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தபோது, அங்கே தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் நெடிய, கூன் விழுந்த மனிதர். சீமைக்குத் திரும்பிய பழைய துரை தம் தொலைநோக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தெற்கே மலைவிளிம்புக்கு மேல் புகைபோலத் தெரியும் சிறு விண்மீன் மண்டலத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தையே அவர் பார்த்துவந்தார். பார்க்குமுன், இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் கண்களை மூடியிருப்பார்.

அந்தத் தை மாதம், தேயிலைத் தூளின் நிறம் கெட்டுவிட்டதென்று புதிய துரை அவரை ஏசிக்கொண்டிருந்தார். இலை செம்பு நிறமாகும் பதத்தைக் கண்ணால் பிடிப்பதே டீமேக்கரின் வேலை. ஒருநாள் இருட்டியதும் என்னைக் கூப்பிட்டுத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார்.

“கிளாக்கரே, இன்னிக்கு அது நல்லா எரியிற நாள். தெரியுதுங்களா?”

“பளிச்சுன்னு தெரியுதே. பக்கத்துல உள்ளதெல்லாம் இதுகிட்ட நிக்காது.”

“பனி கினி இல்லையே?”

“துளிகூட இல்லீங்க.”

“அப்ப என் கண்ணுதான். எனக்கு அந்தப் பக்கமே கரியா இருக்கு. நாலு நாளா தொலைநோக்கிக் கண்ணாடியப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன், பாவம்” என்று சிரித்தார். “காலையில தொரைகிட்ட நானே சொல்லிர்றேங்க.”

சொன்னார். வேலையும் தோட்டத்து வீடும் போயின. மறைத்திருந்தால் இன்னும் சில மாதம் ஓட்டியிருக்கலாம். நட்சத்திரத்தைச் சோதிக்கவா, தம் கண்ணைச் சோதிக்கவா, எதற்காக என்னைக் கூப்பிட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.