மேற்கணக்கு சாள்ஸின் கிளட்ச் பிளேட்

கொடகவெல டவுனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் த்ரீவீல் ஆட்டோ வைத்திருப்பவர் சாள்ஸ் ஒருவர்தான். முன்பு கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவர். ஆஸ்பத்திரி, கிளினிக், ஞாயிறு பூசை எல்லாவற்றுக்கும் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கர்த்தர் கொடுத்த வண்டி என்பார். ஏறுகிறவரை இறங்கச் சொல்ல அவருக்கு மனம் வராது.

போன மழைக்காலத்தில் வண்டி மேட்டில் இழுக்காமல் நின்றது. டவுனில் விஜேசிரி என்ற மெக்கானிக்கின் கராஜில் புது கிளட்ச் பிளேட் போட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே மேட்டில் கருகின வாசம் வந்து மறுபடி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

கராஜில் பேச்சு வளர்ந்தது. இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசினார்கள்; சாள்ஸ் அவரை அய்யே, அதாவது அண்ணன் என்றார், அவர் சாள்ஸை மல்லி, தம்பி என்றார்.

“பழைய பிளேட்டைக் கழுவிப் போட்டுட்டீங்க அய்யே. புதுசுன்னா இப்படியா கருகும்?” என்றார் சாள்ஸ்.

“உங்க கண்ணு முன்னாலதானே பெட்டியக் கிழிச்சேன் மல்லி? நீங்க கிளட்ச்சைப் பாதி புடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க.”

“எனக்கே ஓட்டக் கத்துக்குடுக்குறீங்களா?”

“நீங்க த்ரீவீல் ஓட்டுறீங்களா, மாடு ஓட்டுறீங்களா, எனக்கு எப்படித் தெரியும்?”

இன்னொரு பிளேட் சும்மா போட முடியாது என்றார் விஜேசிரி. போலீஸில் புகார் கொடுத்து என்ட்ரி போடுவேன் என்றார் சாள்ஸ். அப்படிப் போட்டால் வழக்கு முடியும்வரை வண்டி அங்கேயே கிடக்கும். எங்கள் லயத்துக் கோகிலாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. தோட்டத்து ரோட்டில் ஏறி வர வேறு எந்த வண்டியும் சம்மதிப்பதில்லை. அந்தக் கவலையில்தான் சாள்ஸ் சத்தம் போட்டார். இல்லாவிட்டால் அவர் கோபக்காரர் அல்ல.

விஜேசிரி கழற்றிய பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பாரத்துல கருகுனது. எத்தன பேர ஏத்துறீங்க?”

“மூணு பேர்தான்.”

டிராபிக் போலீஸுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. யார் கேட்டாலும் மூன்று. முதல் தடவை பிளேட் போடும்போது இதே கராஜிலும் அப்படித்தான் சொன்னார்.

முன்கண்ணாடிக்குக் கீழே பின்சீட்டைப் பார்த்தபடி மாதா படம் ஒட்டியிருந்தது. விஜேசிரி அதைக் காட்டினார்.

“நான் உங்க கோயில் ஆளு இல்ல. ஆனா அந்த அம்மா தினமும் பின்னால யாரு இருக்காங்கன்னு பாத்துக்கிட்டுத்தானே வாறாங்க? அவங்களப் பாத்து மூணுன்னு சொல்லுங்க. நான் காசே வாங்காமப் போட்டுத் தாறேன்.”

சாள்ஸ் குனிந்து படத்தைப் பார்த்தார்.

“ஏழு,” என்றார் பிறகு. “ஞாயித்துக்கிழமை எட்டு. சின்னப் புள்ளைங்களக் கணக்குல சேக்கல.”

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“நான் என்ன போலீஸா மல்லி, என்கிட்டயும் மூணுன்னு சொல்றதுக்கு?” என்றார் விஜேசிரி. “அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா ஏத்தாதீங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“பழைய பிளேட்டப் போட்டீங்கன்னு சொன்னது தப்பு அய்யே. மனசுல வச்சுக்காதீங்க.”

பிளேட்டுக்கு சாள்ஸ் காசு கொடுப்பது, கூலி வேண்டாம் என்று முடிவானது. ஆனால் மேட்டில் மூன்று பேருக்கு மேல் ஏற்றினால் அடுத்த தடவை தன்னிடம் வரவேண்டாம் என்றும் விஜேசிரி சொன்னார். அன்று பின்னேரமே வண்டி தோட்டத்துக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் கோகிலாவுக்கு வலி எடுத்தது. அவள், அவள் அம்மா, புருஷன் பிரதீபன் மூவரும் ஏறினார்கள். மாமனார் முத்துவீரன் பிளாஸ்க்கோடு வந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

“மாமா, நீங்க பஸ்ஸுல வாங்க,” என்றார் சாள்ஸ்.

“என் பேரப்புள்ளயப் பாக்க எனக்கு எடம் இல்லியா? கொழுந்து மூட்டயெல்லாம் ஏத்துன வண்டிதானே இது?”

“ஏத்துனதாலதான் நின்னுச்சு மாமா. காலை எடுங்க.”

முத்துவீரன் பிளாஸ்க்கை மருமகளின் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். வண்டி எங்கும் நிற்காமல் போனது. மத்தியானத்துக்கு முன்பே பெண்பிள்ளை பிறந்தது. முத்துவீரன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாள்ஸோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை.