மேனேஜரைத் தள்ளவைத்த அந்தோணியார்

என் வயிற்றில் அடித்தவனை என் கண்முன்னே கைகூப்ப வைத்தார் கோடி அற்புதர் அந்தோணியார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், பிரியமானவர்களே. பகையைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் சவரிமுத்து. பிளாக்பள்ளியில் குடியிருக்கிறேன். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் கண்டோன்மென்ட்டில் ஒரு டாக்கீஸில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளிக்குச் சிட்டியில் இன்னொரு டாக்கீஸும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் படம் ஒரே ஒரு காப்பிதான் வரும். கண்டோன்மென்ட்டில் முதலில் ஆரம்பிப்பார்கள். ஓடி முடிந்த ரீல் பெட்டியை உடனே சிட்டிக்குக் கொண்டு போக வேண்டும். அதைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குத் திரும்பி வர வேண்டும். பெட்டி தாமதமானால் அங்கே திரை வெளுத்துவிடும், விசில் பறக்கும், அப்புறம் நாற்காலி பறக்கும்.

இதற்காகவே முதலாளி ஒரு குட்டி மோட்டார் வண்டி வாங்கித் தந்திருந்தார். பட்டாளத்தார் பாரசூட்டில் கட்டி வானத்திலிருந்து இறக்கிய வண்டியாம். சண்டை முடிந்ததும் ஏலத்தில் வந்தது. உயரம் ஒரு ஆட்டுக்குட்டி அளவுதான், அதனால் தெருவே அதை ஆட்டுக்குட்டி என்று கூப்பிட்டது. உதைத்துக் கிளப்ப மிதி கிடையாது. பெட்ரோல் டாங்கி தாழ்வாக இருப்பதால் கையால் பம்ப் அடித்துக் காற்று ஏற்ற வேண்டும். பிறகு தள்ளிக்கொண்டே ஓடி, படபடவென்று சத்தம் வந்ததும் தாவி உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொடும். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு கப்பன் பார்க் ஓரமாக நான் போனால் போலீஸ்காரர்கூடச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும், அதுதான் என் சோறு.

அந்தச் சோற்றின் மேல் மேனேஜர் மரியதாஸ் கண் வைத்தார். நம் பங்குக் கோயில்காரர்தான். அவருக்கு ஒரு மச்சான். வேலை வெட்டி இல்லாமல் கிராப்பை மட்டும் நன்றாகச் சீவிக்கொண்டு திரிவான். அவனை என் இடத்தில் ஏற்ற வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. என் காதுபடவே முதலாளியிடம் சொன்னார்: "சவரிக்கு வயசாவுது சார். வண்டிய ஓட்றதுக்கு எளவட்டம் வேணும்." எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

தவக்காலம் ஆரம்பித்த வாரத்தில் வண்டி முதல் தடவை படுத்துக்கொண்டது. பம்ப் அடித்தேன், தள்ளினேன், ஓடினேன். இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று நினைத்துத் துடைத்து, தீயில் காட்டிக் காயவைத்துப் போட்டேன். கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. கடைசியில் வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பெட்டியோடு ஜட்காவில் போனேன். சிட்டி டாக்கீஸில் வாசலிலேயே எனக்கு அர்ச்சனை நடந்தது.

சூசையப்பர் திருநாளன்று மறுபடியும் அதே கதை. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன், ஒயரைச் சுரண்டினேன், சைலன்சரில் அடைத்த கரியைத் தட்டினேன். டாங்கியைக் கவிழ்த்துப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. ரேஷன் கூப்பனுக்கு அளந்து ஊற்றிய பெட்ரோலைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? மேனேஜர் பின்னால் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வண்டிய எறக்கி வெச்சிட்டு வேற வேலயப் பாத்துக்கோ சவரி, கேட்டுச்சா" என்றார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. வண்டிக்குள் ஏதோ செய்வது இந்த ஆள்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அன்றுமுதல் செவ்வாய்தோறும் கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினேன். வண்டி கிளம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "கோடி அற்புதரே, அந்த மரியதாஸ் ஊர் பார்க்க என் முன்னால் கைகூப்பி நிற்க வேண்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்." இதுதான் என் ஜெபம். படுக்கும்போதும் இதுதான், எழும்போதும் இதுதான். தவக்காலத்தில் எல்லோரும் பாவத்துக்கு அழுதார்கள், நான் பழிக்கு அழுதேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மூன்றாவது தடவையும் வண்டி நின்றது. சிட்டியில் தரை டிக்கெட்காரர்கள் பெஞ்சியை உடைத்தார்கள். மேனேஜர் காத்திருந்ததும் அதற்குத்தான். வண்டியை மச்சான் கையில் கொடுத்தார். என்னை வாசலில் தரை டிக்கெட் கிழிக்க நிறுத்தினார், அரைச் சம்பளத்துக்கு. வீட்டுக்குப் போய் என் மனைவி பிலோமினாவிடம் சொன்னபோது அவள் எழுந்து மாதா படத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டாள். நான் துணியில் முகம் புதைத்து அழுதேன். அந்தோணியாரே, செத்தாலும் பரவாயில்லை, அவன் கைகூப்புவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்றேன்.

ஈஸ்டர் அன்று புதுப் படம் போட்டார்கள். வாசலில் ஈ நுழைய இடம் இல்லை. முதலாளியே காரில் வந்திருந்தார். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். முதல் பெட்டி கீழே இறங்கியது. அவன் பம்ப் அடித்தான், தள்ளினான், ஓடினான். ஆட்டுக்குட்டி இருமியது, அவ்வளவுதான். மறுபடி தள்ளினான். கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. எனக்குள் யாரோ பாண்டு வாசித்தார்கள், பிரியமானவர்களே. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

சிட்டியிலிருந்து டெலிபோன் மேல் டெலிபோன். முதலாளி வெளியே வந்து, "இன்னா கலாட்டா இது?" என்றார். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். டிக்கெட் வாங்க நின்ற அத்தனை பேரும் பார்க்க இரண்டு கையையும் கூப்பினார்.

"சவரி, மானத்தக் காப்பாத்துப்பா. ஜல்தி வா."

நான் கையிலிருந்த டிக்கெட்டைக் கிழித்து, அந்த ஆளை உள்ளே அனுப்பி, அடுத்த ஆளின் டிக்கெட்டையும் கிழித்தேன். கூப்பிய கை கூப்பியபடியே நிற்கட்டும் என்றுதான். அதன் பிறகே நகர்ந்தேன்.

இப்போது அது என் பெட்ரோல் இல்லை, கொட்டிப் பார்க்கலாம். குழாயைக் கழற்றிச் சோடாக்கடை கிளாஸில் பிடித்தேன். மேலே பெட்ரோல் நின்றது, அடியில் தனியாகத் தண்ணீர். முதலாளி எட்டிப் பார்த்தார். "ராத்திரி மாங்கா மழயில வண்டிய எங்கடா போட்டு வெச்சீங்க?" மச்சான் திருதிருவென்று விழித்தான். வீட்டு வாசலில், மூடியைக்கூடச் சரியாகத் திருகாமல் போட்டிருந்தானாம். முதலாளி எல்லோர் முன்னாலும் மேனேஜரைக் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல முடியாது.

டாங்கியை முழுக்கக் கவிழ்த்தேன். முதலாளியின் காரிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். பிளக்கையும் கார்புரேட்டரையும் காயவைத்துப் பூட்டினேன். பம்ப் அடித்தேன். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்தேன். தள்ளிக்கொண்டு ஓடி ஏறுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அசையவில்லை.

"தள்ளுங்க சார்" என்றேன்.

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையை ஆட்டினார். கோட்டு போட்ட மேனேஜர் மரியதாஸ் குனிந்து, என் முதுகுப் பெட்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தெருவில் ஓடினார். பாதித் தெருவிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. நான் வண்டி தானாக ஓடிவிடாதபடி கிளச்சை அழுத்திப் பிடித்து அவரைத் தெருமுனைவரை ஓடவிட்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் விட்டேன் பாருங்கள், சிட்டிக்கு அப்படியொரு போக்கு.

முதலாளி அன்றைக்கே வண்டியை என்னிடம் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் என்றதும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"இன்னாங்க, நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே? மாதா திருநாளுக்கு மந்திரிச்ச தீர்த்தம் இருந்துச்சில்ல, அத ராத்திரி நம்ம வாசல்ல நிக்கற வண்டிக்கு மொதல்ல சக்கரத்துலதான் தெளிச்சேன். நீங்க பயந்து பயந்து ஓட்றத பாத்து டாங்கில ஒரு வாய் ஊத்தினேன். அப்பவும் நின்னு போச்சா, பத்தலபோலன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்."

முதல் இரண்டு தடவை வண்டி நின்ற பிறகும் கூடுதலாக ஊற்றியிருக்கிறாள். நான் அவளைத் திட்டவில்லை. மச்சான் டாங்கியில் மழை கொஞ்சம், மீதி எங்கள் வீட்டுத் தீர்த்தம். மேனேஜர் வண்டியைத் தொட்டதே இல்லை. அதற்காக அவர்மேல் இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. என் இடத்தைப் பறித்தது அவர்தானே.

அடுத்த செவ்வாய் நன்றி சொல்லப் போனேன். சுரூபத்தின் முன்னால் மரியதாஸ் தம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் முழந்தாளில் இருந்தார். எழுந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். இருவரும் வெளியே வந்தோம்.

"இன்னா சவரி, நீயும் செவ்வாக்கெழமதானா?"

"ஆமா சார், தவக்காலம் பூரா."

"நானுந்தாம்பா. அந்த வண்டி எம் மச்சான் கைக்கு வரணும்னு கேட்டேன். வந்துச்சி. நீ இன்னா கேட்ட?"

"நீங்க எம் முன்னால கைகூப்பி நிக்கணும்னு கேட்டேன் சார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மனைவியின் தோளில் தூங்கிய குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் கேக்கலியே சவரி?"

கேட்கவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் ஜெபத்துக்கு நானே பயந்தேன். மரியதாஸ் பெயரைச் சொல்லி அதன் பிறகு நான் எதுவும் கேட்டதில்லை.

பிரியமானவர்களே, அந்தோணியாரிடம் நம்பிப் போங்கள், அவர் காது கேளாதவர் இல்லை. ஆனால் கேட்டது அப்படியே கிடைத்துவிடும் என்று தெரிந்து கேளுங்கள்.