ஜிங்வெய் பறவையின் அம்மா

மீன் காயவைத்துப் பிழைக்கும் சூலானின் ஒரே மகள் ஹாய்தாங்கைக் கடல் கொண்டுபோயிற்று, உடல் கிடைக்கவில்லை. சீனாவின் ஜோஷான் தீவில் அப்படிப் போனவர்களின் உயிரை, அலை ஏறும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போனவருக்காக வீட்டார் ஒருவர் "வந்துட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் சாவை ஒப்புக்கொண்டதாகும் என்று சூலான் மறுத்துவிட்டாள். தினமும் கடலில் கல் எறிந்தாள்.

"என்னக்கா, ஜிங்வெய் மாதிரி கடலைத் தூர்க்கப் போறியா?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ரூயிங்.

கடலில் மூழ்கிய இளவரசி பறவையாகிக் கல் சுமந்த கதை அது. பள்ளியில் அதைச் சொன்னால் விடாமுயற்சிக்குப் பாராட்டு. மீன் சந்தையில் வீண்வேலைக்குக் கேலி.

"அந்தப் பறவை செத்த பொண்ணுடி. அவ அம்மா என்ன செஞ்சான்னு யாராவது சொன்னாங்களா?"

செத்த என்ற சொல் தன் வாயிலிருந்தே வந்துவிட்டதும், சூலானின் கையிலிருந்த கல் நழுவியது.

அன்று மாலை அலை ஏறியபோது, "ஹாய்தாங், வீட்டுக்கு வாடி" என்று கூவினாள். பதில் சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை.

"வந்துட்டேம்மா" என்று அவளே சொன்னாள்.