பங்களா ஏறிய பசு

கல்யாணமாகி ஜோகூருக்கு வந்த நாளிலிருந்து நான் குடியிருந்ததெல்லாம் ரப்பர் தோட்டத்து வீடுகள்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைவிட எங்கள் வீட்டில் ஓர் அறை கூடுதல். பெருமை அவ்வளவுதான். புதிய துரை ஒருவன் வந்தால் எங்களை வேறு வீட்டுக்கு மாறச் சொல்வான். பழைய துரை திடீரென்று சோதனைக்கு வருவான். கதவைத் தட்டுகிற வழக்கம் அவர்களுடைய ஊரில் இருந்திருக்கலாம். வருகிற வழியில் கடலில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒருவன் பூட்ஸைக் கழற்றாமல், சப்பாத்துக் காலோடு நேரே அடுக்களைக்கு வந்து, கைத்தடியால் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. தும்மிக்கொண்டே ஓடினான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் போனபிறகு அழுகையும் வந்தது. ‘போ’ என்று எவனும் சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு ரப்பர் விலை விழுந்தது. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். தெப்ராவ் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் அவர்கள் கட்டிக்கொண்ட பங்களாக்களில் ஒன்று விலைக்கு வந்தது. என் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “இத வாங்கிட்டு மறுவேல பாருங்க” என்றேன். என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

“அங்க பூரா வெள்ளக்காரங்க. நம்மள இருக்க விடுவாங்களா?”

“நாம என்ன அவங்க மடியிலயா உக்காரப் போறோம்?”

அந்தக் குன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் ரப்பரும் காடும். நடுவில் இவர்கள் மட்டும் இங்கிலாந்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து நடப் பார்த்தார்கள். வெட்டிச் சீராக்கிய வேலி, புல்தரை, வாசலில் சொந்த ஊரின் பெயர் எழுதிய பலகை. பக்கத்துப் பங்களாத் துரை வருஷமெல்லாம் ரோஜா வளர்த்தான். ஜோகூர் மழைக்கு அது அழுகும். அவன் திரும்ப நடுவான். நான் அவனுக்கு ரோஜாத் துரை என்றே பெயர் வைத்திருந்தேன். எங்களுக்கு வீட்டை விற்றவர் பியானோத் துரை. தனியாள். மழை பெய்யும் சாயங்காலங்களில் பியானோ வாசிப்பாராம்.

எல்லாம் பேசி முடிந்தது. நில ஆபீசில் வெள்ளிக்கிழமை கையெழுத்து. இங்கேதான் நம்முடைய புத்தி வேலை செய்தது. வைகாசியின் கடைசி முகூர்த்தம் புதன்கிழமையே வந்துவிட்டது. அதை விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது, ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் கையெழுத்துக்குக் காத்திருக்கலாம், முகூர்த்தம் காத்திருக்குமா? கிரகப்பிரவேசத்தை முன்னாடியே வைத்துக்கொள்வோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு போய்க் கேட்டார். பியானோத் துரை சாவியைக் கொடுத்துவிட்டார். அவருடைய பியானோ மட்டும் இன்னும் ஹாலில் இருந்தது, வியாழக்கிழமை ஆள்வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் ஊர் வீட்டுக்கு இரண்டு படி. இந்தப் பங்களாவோ ஆளுயரத் தூண்களின்மேல் நிற்கிறது, வாசலுக்கு நெடிய படிக்கட்டு. தோட்டத்துப் பால்காரர் தைரியம் சொன்னார்.

“கவலப்படாதீங்க கிராணியம்மா. கன்னுக்குட்டிய முன்னால தூக்கிட்டுப் போனா, இவ சொர்க்கத்துக்கே ஏறுவா.”

ஏறினாள். சங்கு ஊதி, மஞ்சள் தெளித்து, நாங்கள் பின்னால் போனோம். ஹாலின் மினுமினுக்கும் பலகைத் தரையில் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று சாணமும் போட்டாள். சாஸ்திரப்படி அது மகாலட்சுமி, பலகைப்படி கறை. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பால் பொங்கியது, எல்லாருக்கும் பாயசம் கொடுத்தேன்.

அப்புறம் மாட்டை இறக்கப் போனோம். மாடு படியேறும், இறங்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கன்றைத் தூக்கிக்கொண்டு கீழே போனால், மேலே நின்று கத்துகிறது. இழுத்தால் முன்னங்காலை ஊன்றிக்கொள்கிறது. பின்னாலிருந்து தள்ளிய பால்காரருக்கு ஓர் உதை கிடைத்தது.

அது கத்திய கத்தலில் குன்று முழுவதும் வராந்தாவுக்கு வந்துவிட்டது. ரோஜாத் துரை வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, படியேறி, கேளாமல் கொள்ளாமல் சப்பாத்தோடு ஹாலுக்குள் வந்து நின்றான். அவனும் ஒரு காலத்தில் தோட்டம் நடத்தியவன். கூலிகளை விரட்டக் கற்ற தமிழ் கைவசம் இருந்தது.

“மாடு இறக்கு! ஒடனே இறக்கு!”

“எறங்க மாட்டேங்குதுங்க, துரை” என்றார் என் வீட்டுக்காரர்.

“நான் முன்னே சொன்னேன் அவன்கிட்டே. இவங்களுக்கு வித்தா வீட்டுக்குள்ளே மாடு கட்டுவாங்க. இப்ப பாரு! கையெழுத்து இல்லே. வீடு இல்லே. போ!”

அவனுடைய வாய்முகூர்த்தம் அப்படியே பலித்திருந்தது. ஆனால் அந்தக் கடைசிச் சொல்! எந்தச் சொல்லிலிருந்து தப்ப வேண்டும் என்று நகையெல்லாம் கழற்றினேனோ, அதையே என் பால் பொங்கிய வீட்டில் நின்று ஒருவன் சொல்கிறான். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது என் வீடு இல்லை. முகூர்த்தத்துக்கு அவசரப்பட்ட என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

அன்றிரவு பசு ஹாலிலும் நாங்கள் அறையிலுமாகக் குடித்தனம் நடந்தது.

மறுநாள் பியானோத் துரை வந்தார். கூட நாலைந்து சீனக் கூலிகளும், பியானோவைச் சறுக்கி இறக்கக் கனமான பலகைகளும். வாசலில் நின்றார். அவர் பசுவைப் பார்த்தார், பசு அவரைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் நெடுநேரம் விளக்கினார், பாதிக்குமேல் மன்னிப்புத்தான் என்று குரலிலேயே தெரிந்தது. துரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பலகைகளைப் படிக்கட்டின்மேல் சரிவாகப் போடச் சொன்னார். முதலில் பியானோ இறங்கியது. “பலகைய எடுத்துடாதீங்க, எடுத்துடாதீங்க!” என்று பால்காரர் கத்திக்கொண்டே பலகைமேல் வைக்கோலைப் பரப்பினார். பின்னாலேயே பசுவும் மணமகளைப் போல அடிமேல் அடி வைத்து இறங்கியது.

ரோஜாத் துரை வேலியோரம் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் முழுக்க உள்ளே கிடந்த மாடு அல்லவா? கீழே வந்ததும் கயிற்றை உதறிவிட்டு, அவன் திறந்துபோட்டு வந்த வேலிக் கதவு வழியாக நேரே ரோஜாத் தோட்டத்துக்குள் புகுந்தது. நான் தடுக்க ஓடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

“நாளைக்கு ஆபீசுக்கு வருவீங்களா, துவான்?” என்று என் வீட்டுக்காரர் மலாய்க்கார மரியாதையோடு கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பியானோத் துரை போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஜோகூர் பாருவுக்குப் பஸ் ஏறினார். நான் மூட்டையை அவிழ்க்கவும் இல்லை, கட்டவும் இல்லை. தரையில் இருந்த சாணக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது போகவில்லை. மத்தியானத்துக்குமேல் அவர் குன்றேறி வருவது தெரிந்தது. வேட்டி தடுக்காத குறையாக ஓடி வந்தார்.

“போட்டுட்டாரு! கையெழுத்துப் போட்டுட்டாரு!”

“எப்படிங்க?”

“அவரு இந்த வீட்ட வாங்க வந்தப்ப, பியானோ தட்டுறவனுக்கு விக்காதேன்னு இந்தப் பக்கத்து வீட்டு ஆளு பழைய சொந்தக்காரன்கிட்டப் போய்ச் சொன்னானாம். இவனுக்கு ஆகாத ஆளாப் பாத்துத்தான் விக்கணும்னு அன்னிக்கே நெனச்சாராம். மாட்டப் பாத்ததும் மனசு நெறஞ்சு போச்சுன்னு சொன்னாரு.”

ஆக, என் நல்வினை ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுப் பகை. எதுவானால் என்ன? சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சநேரம் வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ரோஜாத் துரை வந்தார். கையில் மாடு மென்று போட்ட ஒரு ரோஜாக் கிளை. கீழ்ப்படிக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். எத்தனை செடி போயிற்று, எந்தச் செடி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கீழே நின்றே முறையிட்டார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். தன்னால் துரத்திவிட முடிந்தவர்களிடம் யாரும் முறையிடுவதில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. சொல்லி முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“மேலே வரலாமா?”

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார். நான் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தேன்.

“வரலாம். சப்பாத்தக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க.”

யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அளவு தமிழ் அவருக்கு வரும். தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது போலிருக்கிறது, வெகுநேரம் பிடித்தது. எனக்கு அந்த நேரம் போதவில்லை.