முப்பத்தேழு சொற்கள்

மருத்துவமனையின் ஆவண அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பழைய நோயாளிகளின் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். திரும்பி வந்தால் எண்படி அடுக்குவாள். எல்லாரும் அவளை 'அகராதி' என்றுதான் சொல்வார்கள். அகராதி பிடித்தவள் என்ற அர்த்தத்தில் அல்ல. அவளைப் போன்ற வாயில்லாப் பூச்சி அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. மதியம் சாப்பிடும்போது அவள் கையில் மொழிகளைப் பற்றிய புத்தகம் ஏதாவது ஒன்று இருக்கும். பண்டிதர்களுக்கு எழுதியவை அல்ல. பத்தாவது படித்தவருக்கும் புரிகிற மாதிரி எழுதியவை.

இடது, வலது என்று சொல்லாமல் எதையும் கிழக்கு மேற்கு என்றே சொல்லும் மக்கள் இருக்கிறார்கள், மலைக்கு மலை சீழ்க்கையடித்தே சேதி சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொல்வாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "உலகத்துல ஏழாயிரம் மொழி இருக்குன்னு சொல்ற. இருக்கிற ஒண்ணுல நீ என்கிட்ட நாலு வார்த்தை பேச மாட்டேங்கிற" என்று சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எலும்பு முறிவு வார்டிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தாள்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்க. பஸ் ஸ்டாண்டுல விழுந்த ஒரு அம்மாவ கொண்டுவந்திருக்காங்க. இடுப்பெலும்பு போயிடுச்சு. என்ன பாஷை பேசுறாங்கன்னே தெரியல. மொழிபெயர்த்துச் சொல்ற நம்பருக்குப் போன் போட்டு பதினோரு மொழியில கேட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்?"

"நீங்கதான் இதையெல்லாம் படிச்சிருக்கீங்களே அக்கா!"

பொய் சொல்வானேன், படியேறும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி. மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. பையில் ஒரு சீப்பும் மாற்றுத் துணியும் மட்டும்தான் இருந்தன. துண்டுக் காகிதம்கூட இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற எல்லாரிடமும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

விரலை நீட்டிக் காட்டினால் விரலுக்கான சொல்லைச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு புத்தகம் எச்சரித்திருந்தது. அதனால் அகராதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மூக்கு, கண், போர்வை, டம்ளரில் இருந்த தண்ணீர். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலியிலும் பொறுமையாகச் சொன்னார். இவள் தப்பாகத் திருப்பிச் சொன்னால் உதட்டைக் குவித்துத் திருத்தினார். ஒன்றிலிருந்து பத்து வரை விரல் மடக்கி எண்ணினார். அன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த எண்ணுப்பெயர்ப் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தாள். எதோடும் ஒட்டவில்லை.

நாலு நாளில் முப்பத்தேழு சொற்கள் சேர்ந்தன. இவை தவிர இன்னொரு சொல்லை அந்த அம்மா கதவைப் பார்த்தபடி அடிக்கடி சொன்னார். முதலில் படுக்கையில் வைக்கும் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள், பிறகு தண்ணீர், பிறகு போன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதையே சொன்னார்.

அறுவை சிகிச்சை டாக்டர் அகராதியைக் கூப்பிட்டார். "ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அது போதும்."

"சார், நான் இன்னும் கண்ணு, மூக்கு, போர்வையிலதான் இருக்கேன்."

டாக்டர், "சரி, ரத்தப் பரிசோதனைய வச்சுப் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார்.

அவள் பதிப்பகத்துக்குப் போன் செய்து, அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியையின் எண்ணை வாங்கி, கதவைப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து எல்லாச் சொற்களையும் அந்த அம்மாவின் குரலிலேயே தன் போனில் பதிவு செய்து அனுப்பினாள். அன்று மாலையே அவர் கூப்பிட்டார்.

"எனக்கே தெரியலம்மா. நான் மொழிகளப் பத்தி எழுதினவ. அதனால மொழியெல்லாம் எனக்குத் தெரியும்னு ஆயிடுமா? இந்த மாதிரி உச்சரிப்புல ஆராய்ச்சி பண்ற ஒருத்தர் இருக்காரு. எப்பவும் எங்கயாவது சுத்திக்கிட்டே இருப்பாரு. அவருக்கு அனுப்பி வைக்கிறேன்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள், கேட்பாரில்லாத நோயாளி என்று எழுதி, ஊரின் மறுகோடியில் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று அகராதிக்கு விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இங்க வந்ததுலேருந்து வாயே திறக்கல" என்றார் காப்பாளர்.

அகராதி பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததைச் சொன்னாள். தண்ணீர். போர்வை. கண். கை. முப்பத்தேழும் பெயர்ச்சொற்களும் எண்களும்தான். அவற்றை வைத்து 'எப்படி இருக்கீங்க' என்றுகூடக் கேட்க முடியாது.

ஆனால் அந்த அம்மா சட்டெனத் திரும்பினார். முகம் மலர்ந்தது. இவளுக்குத் தன் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் மடை திறந்தது போலப் பேசினார். நடுவில் ஒருமுறை சிரித்தார், ஒருமுறை கண்ணைத் துடைத்தார். அவ்வளவு பேச்சில் அகராதிக்குப் பிடிபட்டது தண்ணீர் இரண்டு தரம், மூன்று என்ற எண் ஒரு தரம்.

கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. ஏதோ கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார்.

"எனக்குப் புரியலம்மா" என்றாள் அகராதி, தன் மொழியில். அதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் எதைத் தொட்டுக் காட்டிக் கேட்பது?

அந்த அம்மா மறுபடியும் மெதுவாகக் கேட்டார். மூன்றாம் முறை, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார். பிறகு கையை விட்டுவிட்டார்.

வாசலில் நின்ற கணவர் கேட்டார்: "என்ன சொல்றாங்க?"

"மூணுன்னு ஏதோ வந்துச்சுங்க. மூணு பேரா, மூணு நாளா, மூணு வீடான்னு தெரியல." போன் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. அந்த அரை மணி நேரப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை.

அடுத்த வாரம் காப்பகத்துக்குப் போன் செய்தபோது, வியாழக்கிழமையே அந்த அம்மா நுரையீரலில் சளி கட்டி இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லையாம், அடக்கம் செய்தாகிவிட்டதாம். கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாமல், இரண்டு வேளையும் அவரே சமைத்தார்.

ஆராய்ச்சியாளரின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. முப்பத்தேழில் பதினொன்று தனக்குத் தெரிந்த ஒரு சிறிய மொழியின் சொற்களை ஒத்திருக்கின்றன, மீதி புதியவை, கதவைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல் தன் பட்டியலிலும் இல்லை என்று பரபரப்போடு எழுதியிருந்தார். தயவுசெய்து முழு வாக்கியங்களாக இன்னும் பதிவு செய்யுங்கள். பேசுபவரின் பெயரையும் குறித்து அனுப்புங்கள்.

பெயரை அவள் முதல் நாளே கேட்டிருந்தாள். தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் நெஞ்சருகே கையைக் கொண்டுபோனாள். அவர் ஒரு சொல் சொன்னார். அது அவர் பெயராக இருக்கலாம், நெஞ்சாக இருக்கலாம், சட்டையாகவும் இருக்கலாம்.

அவர் இறந்துவிட்டார் என்பதையும், அந்தச் சொல்லையும், அதற்கு இந்த மூன்று அர்த்தங்களில் எது என்று தனக்குத் தெரியாது என்பதையும் அப்படியே எழுதி அனுப்பினாள்.