ஆரியின் தொட்டியில் வளைந்து போகும் தெரு

என் தம்பி ஆரி வார்மர்டாம் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலை வென்றான். நடக்கமாட்டான் என்று சொன்ன மருத்துவரின் வீட்டு வாசல் வழியாகவே நடந்து பள்ளிக்குப் போனான். பள்ளி அவனைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் எங்கள் ஊர் லிஸ்ஸேயில் துலிப் கிழங்கு உரிக்கும் போட்டி நடந்தபோது, கல்யாணமான ஆட்களையெல்லாம் பின்னால் விட்டு ஒரு முழுப் பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதிர்க்காற்றில் சைக்கிள் பழகினான். கிழங்குக் கொட்டகையில் நிரந்தர வேலை வாங்கினான். கடைசியாக, மீன்தொட்டிச் சங்கம் வீடு வீடாக வந்து நடத்தும் தேர்வில் மூன்றாம் இடம். அதற்குக் கொடுத்த பீங்கான் தட்டு எங்கள் கூடத்து அலமாரியில் இருக்கிறது. துடைப்பது நான்தான், ஆரி தூசியைக் கவனிப்பதில்லை.

மூன்றாம் இடம் ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தத் தொட்டி ஆரியுடையதுதான் என்று எப்படி ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் சந்தையில் மீன் விற்கும் ஃபீன் இருந்தாள். அவள் வீட்டு முன்ஜன்னலுக்குப் பின்னால், எல்லார் வீட்டையும் போல திரை விலகிய கூடம், அதில் விளக்கு எரியும், தண்ணீருக்குள் செடி வளரும் மீன்தொட்டி. ஆரி வேலை முடிந்து வரும்போது அங்கே நின்றுவிடுவான். சாப்பாடு ஆறிப்போகும். ஒருநாள் ஃபீன் கதவைத் திறந்தாள்.

"டேய், உள்ள வந்து பாரு. கண்ணாடியில உன் மூக்குத் தடத்த தினமும் நான்தானே துடைக்கறேன்."

உள்ளே போனான். அந்த வசந்தத்தில் ஃபீன் பெரிய தொட்டி வாங்கியதும், பழையதைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஆரி அதில் செடி நட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வயலில் பாத்தி பிடிக்கும் நூலை எடுத்துவந்தான். மணலில் நூல் போட்டு, கட்டைவிரல் அளவு இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக நட்டான். சிவப்பு ஒரு பாத்தி, பச்சை ஒரு பாத்தி, வெளிர்பச்சை ஒரு பாத்தி. எல்லாம் ஒரே உயரம். நடுவில் தண்ணீர் போகும் வாய்க்கால் போல வெறும் மணல். பக்கத்து வீட்டார் வந்து, ஏப்ரலில் ரயிலிலிருந்து துலிப் வயலைப் பார்ப்பது போலவே இருக்கிறது என்றார்கள். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் சங்கத்தின் தேர்வாளர் மெனேர் டோல், அதாவது டோல் ஐயா, வந்தார். ஒல்லியான மனிதர். காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தொட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"செடி ஆரோக்கியமா இருக்கு," என்றார். "ஆனா இது வயல். பார்த்த ஒடனே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கண்ணுக்கு நடக்க எடமில்ல." பிறகு ஆரியிடம், "தண்ணி எப்ப மாத்தறீங்க?" என்றார்.

"சனிக்கிழமை மாத்துவான்," என்றேன்.

"மீனுக்கு என்ன குடுக்கறீங்க?"

அதற்கும் நான் சொன்னேன். ஆரி புதியவர்களிடம் பேசமாட்டான். அவன் பேச்சை நான்தான் பேசுவேன், அவனுக்கு வரும் காகிதங்களில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். அது எங்கள் வீட்டு வழக்கம்.

மெனேர் டோல் பேனாவை மூடினார். கோபமில்லாமல்தான் சொன்னார். "சங்கத்துல ஒரு விதி இருக்கு. தொட்டிய வச்சிருக்கறவரே அதப் பார்த்துக்கணும், அவரே அதப்பத்திச் சொல்லணும். இது யார் தொட்டின்னு எனக்குத் தெரியல. அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா சேத்துக்க முடியாது."

அவர் போனதும் ஆரி கொல்லையிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து தொட்டி மூடியின் மேல் பரப்பினான். குளிர்காலத்தில் கிழங்குப் பாத்தியை அப்படித்தான் மூடுவோம். கூடமெல்லாம் வைக்கோல். விளக்கைப் போடவிடவில்லை. "என்னுது இல்லையாம்," என்றான். அவ்வளவுதான்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபீனைக் கூப்பிட்டேன். அவள் சந்தை ஏப்ரனோடு வந்து வைக்கோலைக் கையால் வாரினாள்.

"குளிர் விட்டாச்சு, எழுந்திரு," என்றாள் தொட்டியிடம், வசந்தம் வந்துவிட்டது போல. "ஆரி, உன் மீனுக்கு இங்க ஒளிய எடமே இல்ல. யாராவது வயல் நடுவுல குடியிருப்பாங்களா?"

ஆரி யோசித்தான். "மாட்டாங்க."

"அப்போ ஒரு தெரு போடு."

சங்கத்துக்காரர்கள் அதை லைடன் தெரு என்பார்கள். தாழ்ந்த செடியை முன்னால் அகலமாகத் தொடங்கி, பின்னால் போகப் போகக் குறுக்கி, படிப்படியாக உயர்த்திக்கொண்டே போவது. சின்னத் தொட்டிக்கும் ஆழம் வந்துவிடும். ஃபீன் பாதி வகைகளைப் பிடுங்கி வெளியே வைக்கச் சொன்னாள். மிச்சத்தைக் கும்பல் கும்பலாக நடச் சொன்னாள். அகன்ற இலைக்குப் பக்கத்தில் மெல்லிய இலை, நடுவே நிழல் விழக் கொஞ்சம் இடைவெளி. சிவப்பு ஒரே இடத்தில், அதுவும் நடுமையத்தில் வேண்டாம், ஓரமாக. ஆரிக்கு ஓரம் பிடிக்கவில்லை. சிவப்பை மறுபடி மறுபடி நடுவுக்கே கொண்டுவந்தான். கடைசியில் ஃபீன் சொன்னாள்:

"உங்க அக்கா எங்க உட்காருவா? மேஜை நடுவுலயா?"

"ஜன்னல் ஓரம்."

"இருந்தாலும் வீட்டுல யாரு இருக்கான்னு வந்தவங்களுக்குத் தெரியுதுல்ல?"

என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிவப்பை ஓரத்துக்குக் கொண்டுபோனான்.

மே மாதம் செடிகள் தண்ணீருக்கு மேலே முட்டின. வயலில் பூ வெட்டும் பருவமும் அதுதான். ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், ஆரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இருக்கிறான். ஒவ்வொரு செடியின் நுனியையும் நகத்தால் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டுவிட்டான். தெருவில் நின்றதெல்லாம் இலையுதிர்ந்த பழுப்பு அடித்தண்டுகள், வெறும் கால்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஃபீன் வந்து வாளியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"என்ன ஆரி இது, தலைய எறிஞ்சுட்டு காலை வச்சிருக்கே?"

"தலை குப்பை," என்றான் ஆரி, அவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல. "கீழ இருக்கறதுதான் வேணும்."

லிஸ்ஸேயில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதையே சொல்லும். மே மாதம் பூத்த துலிப்பின் தலையை வெட்டி வயலோரம் மலை மலையாகக் கொட்டுவோம். கிழங்கு பெருக்க வேண்டும், பூ யாருக்கு வேண்டும்? ஃபீனும் கிழங்குக்காரர் மகள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நானும் மொத வருஷம் இதையேதான் செஞ்சேன்டா. எங்கப்பா வேற பக்கத்துல நின்னு சபாஷ் போட்டாரு."

ஆரி சிரிக்கவில்லை. "தப்பா?"

"வயல்ல சரி. தண்ணிக்குள்ள எல்லாம் தலைகீழ். இங்க தலைதான் செடி. அத வெட்டி நட்டா அதுவே வேர் விடும். கெழட்டுக் காலைத்தான் எறியணும்."

ஆரி வாளிக்கு முன்னால் மண்டியிட்டான். நுனிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு பழுப்புக் கால்களைப் பிடுங்கிவிட்டு, நூலைக் கொண்டுவந்தான். மறுபடி பாத்தி பிடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் நூலை இழுத்துக் கட்டவில்லை. தளர்வாக மணலில் விட்டான். அது விழுந்தபடி வளைந்து கிடந்தது. அந்த வளைவின் மேலேயே நட்டான், முன்னால் குட்டை, பின்னால் நெட்டை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து வெட்டினான், நட்டான். கோடை முடிவதற்குள் தெரு அடர்ந்துவிட்டது. நியான் என்ற நீலக்கோடு போட்ட குட்டி மீன்கள் அதில் சேர்ந்து போவதும் திரும்பி வருவதுமாக இருந்தன.

மறுபடி மெனேர் டோல் வரும் நாள் வந்தது. ஃபீன் முன்கூட்டியே வந்து என்னைச் சமையலறைக்குள் தள்ளினாள்.

"நீ இங்கேயே இரு கோபா. வாய அடைக்க ஆப்பிள் கேக் வச்சிருக்கேன். அது போதலேன்னா சொல்லு, கதவையும் அடைக்கறேன்."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டும் சின்னச் சாளரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்கைத் தொடவில்லை.

மெனேர் டோல் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். வெகுநேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தத் தெரு ஏன் வளைஞ்சு போகுது?"

ஆரி கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரா போனா," என்றான் ஆரி, "முடிஞ்சிடும்."

மெனேர் டோல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "செடிய வெட்டினா என்ன செய்வீங்க?"

"தலைய நடணும். கால் குப்பை." சற்று நின்று, "வயல்ல மாத்தி," என்றான்.

"உங்க மீனெல்லாம் எங்க? ஒண்ணும் காணலியே."

"தெருவுக்குள்ள. உங்களப் பாத்து பயம்."

"என்னையா?"

"உங்க கண்ணாடி பளபளங்குது." பிறகு மெதுவாக, "எனக்கும் கொஞ்சம் பயம்," என்றான்.

மெனேர் டோல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் வெளியே வந்தன.

அவர் எழுதி முடித்து, சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர வேண்டும் என்று மட்டும் சொல்லி, தாளை மேஜையில் வைத்தார். "தொட்டிக்காரர் கையெழுத்து." நான் வழக்கம்போல ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"கோபா," என்றான் ஆரி. "இது என் தொட்டி."

பேனாவை அவன் எடுத்துக்கொண்டான். நாக்கை உதட்டோரத்தில் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து அளந்து அளந்து, தன் பெயரை எழுதினான். மெனேர் டோல் அவசரப்படவில்லை. பக்கத்தில் தேதியை அவர் போட்டார்: 1974 நவம்பர் 9, சனிக்கிழமை.