ஷோவுக்கு வந்த காளை

நான் வந்த பஸ் கரியில் ஓடுவது; அதன் அடுப்பைப் பற்றவைக்க நேரமாகுமாம். காரிமங்கலம் சந்தைக்குள் நுழைகிறேன். கொம்பில் மஞ்சள் பூசிய காளையைச் சுற்றி ஒரே கூட்டம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசத் தரகர் கையை நீட்டுகிறார். காளைக்காரர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

"விக்கறதுக்கு இல்லீங்க. ஷோவுக்கு."

எங்கள் சேலத்தில் ஷோ என்றால் சினிமா. மைனர்கள் பவுடர் பூசித் திரிந்தாலும் ஷோதான். "மாட்டுக்குமா?" என்கிறேன்.

"வாராவாரம் கூட்டியாரேனுங்க. நாலு பேரு பாக்காட்டி இவன் தீனியே எடுக்க மாட்டானுங்க. கொஞ்சம் புடிங்க, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

கயிறு என் கைக்கு வருகிறது. கூட்டம் எங்கள் இருவரையும் பார்க்கிறது. பஸ் ஹாரன் அலறுகிறது. நான் மீசையை முறுக்கிவிட்டுக் காளையோடு சந்தையை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்புகிறேன்.